சிவப்பு நட்சத்திரத்துக்கு ஷேட் பார்த்தது

எஸ்தர், பால், நீங்கள் இரண்டு பேரும் கடைசியில் தோல் வேலைக்கே வந்துவிட்டீர்கள். வேலூர் ஆஸ்பத்திரியைத் தாண்டிப் பஸ் போகும்போதெல்லாம் உங்கள் அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்து ஜெபம் பண்ணுவாள், ஒருத்தராவது வெள்ளைக் கோட்டுப் போட வேண்டும் என்று. போட்டீர்கள். ஆனால் அது ஃபினிஷிங் செக்‌ஷன் கோட்டாகப் போய்விட்டது. பரவாயில்லை. உங்களோடு புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கும் ஆகுமென்று இதை எழுதுகிறேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். நட்சத்திரத்தைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் இந்த ஆம்பூரில் தோலைப் பரிசோதிப்பதுபோல ஒரு நட்சத்திரத்தைப் பரிசோதித்து, தரம் பிரித்து, குறை சொன்னவர்கள் நாங்கள் நாலு பேர்தான். அதனால் எழுதலாம் என்று தோன்றியது.

முதலில் நிறம் பார்க்கிற முறையைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரியும், கூட இருக்கிற பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். தோல் பதனிடுகிற எங்கள் டேனரியில் அதற்கென்று ஓர் அறை இருந்தது. வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல். தோலின் ஷேட்டை அந்த ஜன்னல் வெளிச்சத்தில், பகலில் மட்டும்தான் பார்ப்போம். பல்பு வெளிச்சத்தில் பார்த்தால் பழுப்பும் சிவப்பும் அண்ணன் தம்பி ஆகிவிடும். தோல் வாங்க வருகிற வெளிநாட்டுக்காரரை நாங்கள் பையர் என்போம். பையருக்கு நிறம் பிடித்துவிட்டால் அந்தத் துண்டை இரண்டாக வெட்டி, இரண்டின் முதுகிலும் கையெழுத்துப் போடுவோம். அவரிடம் ஒரு பாதி, நம்மிடம் ஒரு பாதி. அதற்குக் கட்டிங் என்று பெயர். கையெழுத்து விழுந்த பிறகு போய்ச் சேருகிற சரக்கு அந்தக் கட்டிங்குக்குக் கொஞ்சம் மாறினாலும் மொத்தமும் திரும்பி வரும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பையர் வந்தார். நல்ல உயரம், நல்ல மனசு, கொஞ்சம் கழன்ற ஆசாமி. ஊரில் வீட்டு மொட்டைமாடியில் சொந்தமாகத் தொலைநோக்கி வைத்திருக்கிறவர். ஜவ்வாது மலை மேல் ஒரு பெரிய தொலைநோக்கி நிலையம் இருப்பதைக் கேள்விப்பட்டு, ஒரு சனிக்கிழமை கம்பெனி வேனை எடுத்துக்கொண்டு பார்க்கப் போனார். திங்கட்கிழமை ஷேட் அறைக்கு வந்தவர் எங்கள் அலமாரியில் இருந்த ஒரு துண்டைக்கூடத் தொடவில்லை.

நமக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு நட்சத்திரம் இருக்கிறது, அதை நேற்று முன்தினம் பார்த்தேன், அடுத்த சீசன் பெண்கள் ஷூவுக்கு எனக்கு அந்த நிறம்தான் வேண்டும் என்றார். அவர் சொன்னதை எங்கள் கெமிஸ்ட் சார் தமிழில் சொன்னார். சொல்லிவிட்டு, தான் சரியாகத்தான் சொன்னோமா என்று தானே யோசித்தார்.

"சாம்பிள் துண்டு இன்னா குடுக்கறாராம்?" என்று கேட்டார் முதலாளி. ஊரில் எல்லாரும் அவரைப் பாய் என்பார்கள்.

"துண்டு ஒண்ணும் இல்ல பாய். மேல போய்ப் பாத்துக்கச் சொல்றார். பதினஞ்சு நாள்ல திரும்பி வர்றாராம்."

பாய் பையரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "யெஸ் சார், நோ பிராப்ளம் சார்" என்றார். பையர் கேட்டு இல்லை என்று அவர் வாயில் வந்ததே கிடையாது.

அந்த சீசனில் எங்களுக்கு வேறு ஆர்டர் இல்லை. இது கைவிட்டுப் போனால் ஃபினிஷிங்கில் இரண்டாம் ஷிஃப்டை மூடிவிடுவது என்று ஏற்கெனவே பேச்சு அடிபட்டது. மூடினால் கடைசியாகச் சேர்ந்தவன் முதலில் வெளியே. கடைசியாகச் சேர்ந்தவன் நான். எஸ்தர், நீ அப்போது அம்மா வயிற்றில் இருந்தாய்.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் மலை ஏறினோம். பாய், கெமிஸ்ட் சார், நான், வேன் ஓட்டிய முனுசாமி. முனுசாமிக்கு ஊர் திமிரிப் பக்கம். எதிலும் ஒரு சந்தேகம் கேட்காமல் விடமாட்டான். ஒரு கித்தான் பை நிறையச் சிவப்பும் ஆரஞ்சும் பழுப்புமாகத் தோல் துண்டுகளை நான் மடியில் வைத்திருந்தேன். வழியெல்லாம் அவன் கேட்டுக்கொண்டே வந்தான்.

"ஏன் மோசஸ், நட்சத்திரம் ராத்திரிலதானே தெரியும்?"

"ஆமா."

"தோலு பகல்ல பாத்தாத்தானே ஷேட் தெரியும்?"

"ஆமா."

"அப்ப ரெண்டையும் எப்பப்பா ஒண்ணா வச்சுப் பாப்பீங்க?"

முன்சீட்டில் இருந்த பாய் திரும்பாமலே, "ரோட்டப் பாத்து ஓட்டு" என்றார். ஆனால் அலங்காயம் தாண்டுவதற்குள்ளேயே, அவன் கேட்டதுதான் கேள்வி என்று மூன்று பேருக்கும் புரிந்துவிட்டது.

மேலே எங்களை வரவேற்ற ஆராய்ச்சியாளர் ஒல்லியான மனிதர். சித்திரை மாசத்தில் ஸ்வெட்டர், குரங்குக் குல்லாய். பார்வையாளர்களுக்கென்று வைத்திருந்த சின்னத் தொலைநோக்கிக் கூடத்துக்கு எங்களைக் கூட்டிப் போனார். நாங்கள் வந்த விஷயத்தைக் கெமிஸ்ட் சார் விளக்கினார். ஆராய்ச்சியாளர் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். தன் வேலையில் இப்படி ஒரு நாள் வருமென்று அவர் எதிர்பார்த்திருக்கமாட்டார்.

வடக்கே சப்தரிஷி மண்டலத்துக்குக் கிட்டத்தில் ஓர் இடத்துக்குத் தொலைநோக்கியைத் திருப்பினார். அந்த நட்சத்திரத்துக்குப் பெயர்கூடக் கிடையாது, பழைய அட்டவணையில் ஒரு நம்பர்தான் என்றார். எங்கள் ஷேட்டுகளுக்கும் நம்பர்தான் என்பதால் பாய்க்கு அது பிடித்துப் போயிற்று.

பாய் முதலில் பார்த்தார். "மாஷா அல்லாஹ். மாதுளம்பழம்" என்றார்.

கெமிஸ்ட் சார் பார்த்தார். "இல்ல பாய், இது லேசான ஆரஞ்சு. மஞ்சள் தட்டுது" என்றார்.

நான் பார்த்தேன். ஒரு புள்ளி. நிறம் இருக்கிற மாதிரி இருந்தது, கூர்ந்து பார்த்தால் இல்லாமல் போயிற்று.

முனுசாமியும் குனிந்து பார்த்தான். "கொசு முட்டை கணக்கா இருக்குது" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டான்.

ஒப்பிட்டுப் பார்க்கலாமென்று நான் பையைத் திறந்து டார்ச்சை அடித்தேன். அவ்வளவுதான், அந்தச் சாதுவான ஆராய்ச்சியாளர் அலறிவிட்டார். உள்ளே வெள்ளை வெளிச்சம் பட்டால் கண் மறுபடி இருட்டுக்குப் பழக அரைமணி ஆகுமாம். தன்னுடைய டார்ச்சைக் கொடுத்தார். அதன் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டியிருந்தது. அந்த வெளிச்சத்தில் துண்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். சிவப்பு, ஆரஞ்சு, பழுப்பு, ஜன்னலோரம் கிடந்து வெளுத்துப்போன ஒரு துண்டு எல்லாமே ஒரே நிறமாக இருந்தன.

"எல்லாம் மேட்ச் ஆவுதே" என்று பாய் சந்தோஷப்பட்டார்.

கெமிஸ்ட் சார் தலையில் கை வைத்துக்கொண்டு அங்கே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். ஆராய்ச்சியாளருக்கு எங்கள் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். அந்த நட்சத்திரத்தின் குணங்களைப் பொறுமையாகச் சொன்னார். எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

அது சூரியனில் பாதி அகலம்கூடக் கிடையாது. சூடும் கம்மி. "உங்க ஊர்ல சாயங்காலம் லோ வோல்டேஜ் வருமில்ல?" என்று கேட்டார். "தினமும்" என்றோம் மூன்று பேரும் ஒரே குரலில். அப்போது பல்பு எப்படி மங்கிச் சிவக்கிறதோ, சூரியனுக்குப் பக்கத்தில் அது அப்படி. வோல்டேஜ் குறைவாக எரிகிற பல்பு சீக்கிரம் ஃப்யூஸ் போகாது. அதேபோல இதுவும் எரிபொருளைச் சிக்கனமாகச் செலவழித்து, சூரியன் அணைந்த பிறகும் எத்தனையோ மடங்கு காலம் எரிந்துகொண்டிருக்கும்.

"அப்ப எங்க பல்பு கலரே போட்டுடலாமா?" என்றார் பாய்.

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னது சார். உங்க பல்பு இதைவிடச் சிவப்பு."

"அப்ப ஏன் இதச் சிவப்பு நட்சத்திரம்ங்கறீங்க?"

"சூரியனோட வச்சுப் பாத்தா சிவப்பு."

பாய் கெமிஸ்ட் சாரைப் பார்த்தார். "எதோட வச்சுப் பாக்கறோம்ங்கறதுதானே நம்ம தொழிலே" என்றார் கெமிஸ்ட் சார் சோர்ந்து போய்.

ஆராய்ச்சியாளர் மேலும் சொன்னார். இந்த மாதிரி நட்சத்திரங்கள் சிலசமயம் திடீரென்று குபீர் என்று வெடித்துக் கொஞ்ச நேரம் பிரகாசமாகும். அப்போது நீலம் கலந்த வெள்ளை ஒளி வரும். பிறகு பழையபடி மங்கிவிடும்.

பாய் முகம் மாறிவிட்டது. "இன்னா சார் சொல்றீங்க? லாட்டுக்கு லாட் கலர் மாறுமா?"

"மாறலாம். எப்பன்னு சொல்ல முடியாது. மேல பெரிய கரும்புள்ளிகளும் உண்டு. அது சுத்தும்போது வெளிச்சம் கூடிக் குறையும்."

"புள்ளி வேறயா?" பாய் மறுபடி குனிந்து தொலைநோக்கியில் பார்த்தார். இந்தத் தடவை மாதுளம்பழம் பார்க்கிற பார்வை இல்லை, சரக்குக் கொடோனில் தோலைப் புரட்டுகிற பார்வை. "மோசஸ், உண்ணிக்கடி இருக்கற மாட்டுத்தோலு மாதிரிப்பா இது. மேல் பக்கம் டேமேஜு, ஷேட் நிக்கமாட்டேங்குது, சைஸும் கம்மி. இது என் கொடோனுக்கு வந்திருந்தா வண்டிய உள்ளயே விட்டிருக்கமாட்டேன்."

கிளம்பும்போது முனுசாமி வாசலில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்தான். "சார், அது பக்கத்துல இருக்குதுன்னீங்களே, எங்க இருக்குதுன்னு கையக் காட்டுங்க" என்றான். வெளிச்சம் இங்கே வந்து சேர எட்டு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகிறது, நட்சத்திரக் கணக்கில் அது அடுத்த தெரு மாதிரி என்று சொல்லி ஆராய்ச்சியாளர் கையைக் காட்டினார். காட்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. இந்த வகையில் ஒன்றுகூட வெறுங்கண்ணுக்குத் தெரியாது என்றார்.

"பக்கத்துலயே இருந்துக்கினு மூஞ்ச காட்டாது. எங்க மச்சான் மாதிரி" என்றான் முனுசாமி.

திரும்பி வந்து வேலையைத் தொடங்கினோம். பாய் தன் மாதுளம்பழத்தில் ஒன்று, கெமிஸ்ட் சார் தன் ஆரஞ்சில் ஒன்று சாயம் போடச் சொன்னார்கள். இரண்டும் வடக்கு ஜன்னலில் அழகாகத்தான் இருந்தன. எதற்கு அழகு என்றுதான் தெரியவில்லை. பிள்ளைகளா, பையர் கேட்கிற நிறம் கையில் துண்டாக இருந்தால் நாலு நாளில் பிடித்துவிடலாம். அவர் ஞாபகத்தில் இருந்தால் பிடிக்கவே முடியாது. அதைச் சொல்கிற தைரியம் முதல் நாளே எங்களில் ஒருவருக்கு இருந்திருக்க வேண்டும்.

பையர் சொன்ன நாளில் வந்தார். ஆனால் ரயில் லேட். டேனரிக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. வோல்டேஜும் இறங்கிவிட்டது. ஷேட் அறையில் பல்பு பழுத்த கம்பி மாதிரி எரிந்தது. காலையில் பார்க்கலாம் என்று கெமிஸ்ட் சார் சொல்லிப் பார்த்தார். பையருக்குப் பொறுமை இல்லை.

மாதுளம்பழத்தைத் தூக்கிப் பார்த்தார், வைத்துவிட்டார். ஆரஞ்சைத் தூக்கிப் பார்த்தார், கொஞ்ச நேரம் பார்த்தார், வைத்துவிட்டார். பாய் முகம் தொங்கிப் போயிற்று. அந்த நேரத்தில் டீ வந்தது. மேஜை மேல் டீ கிளாஸ் வைக்கிறதற்காகச் சாயம் போடாத தோல் ஒன்றை நாங்கள் விரித்து வைத்திருப்போம். எத்தனையோ மாசத்து டீ அதில் சிந்தியிருந்தது. பையர் தன் கிளாஸை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். மற்ற கிளாஸ்களையும் எடுத்து ஓரமாக வைத்தார். தோலைத் தூக்கிப் பல்புக்குக் கிட்டே பிடித்தார். அதில் டீ அதிகம் சிந்தி ஊறியிருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"திஸ்" என்றார். "எக்ஸாக்ட்லி திஸ்."

பாய் முதலில் சுதாரித்துக்கொண்டார். "யெஸ் சார். ஸ்பெஷல் டையிங் சார்" என்றார்.

கெமிஸ்ட் சார் என் காதோரம், "சாய ட்ரம்முல டீயையா ஊத்தறது?" என்றார். அவர் சிரிக்கவில்லை. எத்தனை பாய்லர் டீ ஆகும் என்று உண்மையாகவே மனசில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்று பிறகு சொன்னார்.

பையர் கத்தரிக்கோல் கேட்டார். பாய் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். பேனாவும் வந்தது. கறை பட்ட இடத்தைச் சதுரமாக வெட்டினார். அதை இரண்டாக வெட்டி, முதுகைத் திருப்பிக் கையெழுத்துப் போடக் குனிந்தார்.

நான் அப்போது என்ன நினைத்தேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். கையெழுத்து விழுந்துவிட்டால் ஆர்டர் நமக்கு. ஷிஃப்ட் ஓடும், எனக்கு வேலை இருக்கும், பிரசவச் செலவுக்குக் கவலை இல்லை. ஆனால் அந்தத் துண்டு அவர் ஊரில் பகலில் பெட்டியிலிருந்து வெளியே வரும். ஆம்பூர் வோல்டேஜ் அங்கே கிடைக்காது. கப்பலில் போன மொத்தத் தோலும் திரும்பி வரும். அப்போது மூடுவது ஒரு ஷிஃப்டாக இருக்காது. இதெல்லாம் பிறகு யோசித்தது. அந்த நிமிஷத்தில் வாய்தான் முந்திக்கொண்டது.

"சார். மார்னிங். நார்த் விண்டோ" என்றேன்.

பையரின் பேனா நின்றது. அவரும் இந்தத் தொழிலில் ஊறியவர்தானே. பல்பை ஒருமுறை பார்த்தார், துண்டைப் பார்த்தார், பேனாவை மூடினார். "யெஸ். மார்னிங்" என்று சொல்லிவிட்டு லாட்ஜுக்குப் போய்விட்டார்.

வேன் சத்தம் அடங்குகிற வரைக்கும் பாய் பொறுத்திருந்தார். பிறகு, "உனக்கு இன்னாடா கேடு வந்துச்சு?" என்றார். "கையில வந்தத தட்டி வுட்டுட்டியே. நாளைக்கு அந்த ஆளு போனார்னா நீயும் கூடவே போய்டு."

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுசாகக் கேட்டாள். "நட்சத்திரத்துக்கு ஷூ தைக்கற கம்பெனில இவ்ளோ நாள் வேலை இருந்ததே பெருசு. சாப்புடுங்க" என்றாள்.

காலையில் பையர் வந்தார். வடக்கு ஜன்னல் முழுக்க நல்ல வெளிச்சம். துண்டை மேஜையில் வைத்தார். அது டீ சிந்திய தோல் மாதிரி இருந்தது. வேறு எது மாதிரியும் இல்லை. கிளாஸ் வைத்த வட்டம்கூடப் பாதி தெரிந்தது. பையர் குனிந்து முகர்ந்து பார்த்தார்.

"டீ?" என்றார்.

"டீ சார்" என்றேன் நான். வேறு யாரும் சொல்வதாக இல்லை.

அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, தன் மேல்தான் தப்பு, வேறு ஊர்களிலும் கேட்டுப் பார்க்கிறேன் என்று கெமிஸ்ட் சாரிடம் சொல்லிவிட்டுப் பெட்டியை மூட ஆரம்பித்தார். ஆற்றுக்கு எதிர்க் கரையில் இருக்கிற டேனரியின் கார் அவருக்காக ஏற்கெனவே வாசல் கேட்டருகில் நின்றதை முனுசாமி வந்து என் காதில் சொன்னான்.

பாய் அதுவரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். சட்டென்று திரும்பினார்.

"கேளுங்க சார் அவர" என்றார் கெமிஸ்ட் சாரிடம். "நேத்து ராத்திரி லாட்ஜ் மாடிலருந்து அந்த நட்சத்திரத்தப் பாத்தாரான்னு கேளுங்க. டெலஸ்கோப்பு இல்லாம. சும்மா கண்ணால."

கேட்டார். பார்த்தேன் என்றார் பையர். தினமும் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பது தன் வழக்கமாம்.

"இன்னா கலர் தெரிஞ்சுதுன்னு கேளுங்க."

பையர் புருவத்தைச் சுருக்கினார். ஒன்றும் தெரியாது, அது கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரம், வெறும் இருட்டுதான் என்றார்.

பாய் அலமாரிக்குப் போனார். கறுப்புத் தோல் ஒன்றை உருவி எடுத்து வந்து மேஜையில், வெளிச்சம் நேராக விழுகிற இடத்தில் விரித்தார். கையால் ஒருமுறை நீவிவிட்டார்.

"திஸ் கலர் சார்" என்றார்.

பையர் அதைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். பாய் முகத்தில் விளையாட்டே இல்லை. சரக்கு விற்கிற முகம். பையருக்கு முதலில் தோள் குலுங்கிற்று. பிறகு சிரிப்பு வந்தது. சிரித்து, இருமி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். கெமிஸ்ட் சாருக்கும் தொற்றிக்கொண்டது. பாய் மட்டும் கடைசிவரை சிரிக்கவில்லை. சிரித்தால் விலை குறைந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

கறுப்புத் தோலில் ஒரு துண்டை வெட்டினார்கள். அதன் முதுகில் ஷேட் பெயர் எழுதுகிற இடத்தில் பையர் அந்த நட்சத்திரத்தின் நம்பரை எழுதினார். கையெழுத்துப் போட்டார். பாய் போட்டார். கறுப்பைவிடச் சுலபமான நிறம் எங்கள் தொழிலில் இல்லை. மாட்டுக்கு என்ன கடி இருந்தாலும் மூடிவிடும். அந்த சீசன் முழுக்கக் கறுப்பு போட்டோம்.

அன்றைக்குச் சாயங்காலம் பாய் என்னைக் கூப்பிட்டார். "ரெண்டாம் ஷிஃப்ட் ஓடும். நீயும் இரு" என்றார். நான் கும்பிட்டேன். "இருப்பா, முடிக்கல. நேத்து நீ வாயத் தொறந்தது சரிதான். ஆனா அடுத்த வாட்டி எங்கிட்ட சொல்லு, பையர்கிட்ட சொல்லாத. என் ஹார்ட்டு தாங்காது."

பாய் சொன்னதில் பாதிதான் சரி என்று நினைக்கிறேன். கத்தரிக்கோல் கையில் இருக்கும்போது முதலாளியைத் தனியே கூப்பிட்டுச் சொல்ல நேரம் இருக்காது. நீங்கள் அந்த இடத்தில் நிற்கிற நாள் வரும். எதில் கையெழுத்து விழப்போகிறதோ அதை மட்டும் பாருங்கள், யாருடைய முகத்தையும் பார்க்காதீர்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

முதல் லாட் தோல் சாயம் தெளிக்கிற ஸ்ப்ரேக்குப் போவதற்கு முந்தின நாள், ஏழு மணிக்கு மேல் கரண்ட் போயிற்று. மெஷின்கள் நின்றன. ஆட்கள் டீக்குப் போனார்கள். நான் நம் பங்குக் கட்டிங்கை எடுத்துக்கொண்டு, தோல் காயப்போடுகிற மைதானத்துக்கு நடந்தேன். ஊரே இருட்டாக இருந்தது. சப்தரிஷி மண்டலத்தைக் கண்டுபிடித்து, ஆராய்ச்சியாளர் கைகாட்டிய இடத்துக்கு நேராகத் துண்டை உயர்த்திப் பிடித்தேன். தோலுக்கும் வானத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை. அத்தனை சரியாக ஒரு ஷேட்டை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அப்படியே நின்றேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கண் இருட்டுக்குப் பழகிற்று, சின்னச் சின்ன நட்சத்திரங்கள் வெளியே வந்தன, வானம் தோலைவிட லேசாக வெளுத்துத் தெரிய ஆரம்பித்தது. துண்டின் விளிம்பு தெரியத் தொடங்கியதும் கையை இறக்கிவிட்டேன்.